சர்க்கரைப் புண்ணுக்கு என்ன கட்டுப் போடுவது: வாங்குவதற்கு முன் ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குக் காலில் சர்க்கரைப் புண் என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு கட்டின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சில்வர் என்பார், மருந்துக்கடைக்காரர் கொலாஜன் என்பார், வெளியூரில் இருக்கும் மச்சான் ஏதோ ஒரு ஜெல்லின் படத்தை வாட்ஸப்பில் அனுப்புவார். அப்பாவின் கால் புண்ணோடு மாதக்கணக்கில் அலைந்தபோது, எதை எந்த வரிசையில் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அந்தக் குறைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்தக் கட்டு என்பதைப் புண்ணை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, கையில் எதைக் கொண்டுபோவது, கடையில் எதில் ஏமாறாமல் இருப்பது என்பதெல்லாம்தான் இதில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டு என்பது வரிசையில் கடைசி. ரத்த ஓட்டம், கிருமி, காலில் விழும் எடை, சர்க்கரை ஆகிய நான்கையும் பார்க்காமல் எவ்வளவு விலையுயர்ந்த கட்டைப் போட்டாலும் காசுதான் கரையும்.

1. இன்றே ஓட வேண்டிய புண்ணா என்று பாருங்கள்

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் கட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அன்றைக்கே அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவுவது, பாதம் வீங்கிச் சூடாக இருப்பது, சீழ் அல்லது துர்நாற்றம், விரல் கறுப்பது, காய்ச்சல், குளிர்நடுக்கம், காரணமில்லாமல் சர்க்கரை திடீரென்று ஏறுவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குக் கிருமி ஆழமாகப் போனாலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம், கால் மரத்திருப்பதால் வலியும் தெரியாது. "வலிக்கவே இல்லையே, சின்னப் புண்தான்" என்று அவர் சொல்வதை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள். வலி இல்லாததுதான் இந்த நோயின் குணமே.

2. ஒரு கோப்பு போடுங்கள்

ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்பது பழைய ரிப்போர்ட்டைத்தான். அது இல்லையென்றால் அதே டெஸ்ட்டுக்கு மறுபடியும் காசு. கோப்பில் இருக்க வேண்டியவை: மூன்று மாத சர்க்கரை என்று சொல்கிற எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஹீமோகுளோபின், பாதத்தின் எக்ஸ்ரே, கால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், புண்ணில் என்ன கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். மாத்திரைப் பெயர் எழுதத் தெரியவில்லையா, காலி அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். அது போதும்.

கிரியாட்டினினைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கால் ரத்தக்குழாயைப் படமெடுக்கச் செலுத்தும் மருந்தும், சில ஆன்டிபயாட்டிக் ஊசிகளும், அயோடின் கலந்த சில கட்டுகளும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கொடுக்கப்படும். அந்த எண் இல்லாமல் போனால் ஒருநாள் வீண்.

இன்னொன்று புண்ணின் போட்டோ. பக்கத்தில் ஸ்கேலை வைத்து, கழுவித் துடைத்த பிறகு, வாரம் ஒரு தடவை, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் எடுங்கள். ஏன் என்று 9ஆம் படியில் வருகிறது.

3. கட்டுக்கு முன்னால் நடக்க வேண்டிய பரிசோதனைகள்

கால் எவ்வளவு மரத்திருக்கிறது என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தம் தரும் இழை அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அரசின் பாதம் பாதுகாப்போம் திட்டத்தில் இந்த மாதிரி கால் பரிசோதனைக்கு வழி இருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்தது ரத்த ஓட்டம். கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் அழுத்தத்தால் வகுத்து ஒரு எண் சொல்வார்கள். அது 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று சந்தேகம். 0.5க்குக் கீழே போனால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரை உடனே பார்க்க வேண்டும். இங்கேயும் ஒரு பொறி: நெடுநாள் சர்க்கரை இருப்பவர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால் இந்த எண் பொய்யாக 1.3, 1.4 என்று கூடிக் காட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. கால் கட்டைவிரலின் அழுத்தத்தையோ டாப்ளர் அலை வடிவத்தையோ பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தமே போகாத காலில் எந்த ஜெல்லும் வேலை செய்யாது. குழாயை முதலில் திறந்தாக வேண்டும்.

மூன்றாவது எலும்பு. மழுங்கிய உலோகக் குச்சியை விட்டு எலும்பு தட்டுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். எலும்பில் கிருமி ஏறிய முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் மறுபடி எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

நான்காவது, சுத்தம் செய்வது. இறந்த தோல், ஸ்லஃப் என்று சொல்கிற மஞ்சளாகப் படிந்த இறந்த திசு, ஓரத்தில் தடித்த காய்ப்பு எல்லாவற்றையும் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், செய்த பிறகு புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். அதுதான் புண்ணின் நிஜமான அளவு. கல்ச்சர் எடுப்பதாக இருந்தால் இப்படிச் சுத்தம் செய்த பிறகு உள்ளே இருக்கும் திசுவிலிருந்து எடுக்க வேண்டும். மேலே பஞ்சால் துடைத்து எடுத்தால் தோலில் சும்மா கிடக்கும் கிருமியெல்லாம் ரிப்போர்ட்டில் வரும், அதற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் எழுதப்படும். கிருமித் தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல்.

4. காலில் எடை விழாமல் செய்யுங்கள்

அதிகம் பேர் விட்டுவிடும் படி இது. பாதத்துக்கு அடியில் புண் இருந்தால், காலை ஊன்றி வைக்கும் ஒவ்வொரு அடியும் அன்றைக்குப் புதிதாக முளைத்த சதையை நசுக்குகிறது. பாத்ரூமுக்கு மட்டும்தானே போகிறேன் என்பார்கள். அந்த நடையும் கணக்கில் சேரும்.

பாதத்தடிப் புண்ணுக்கு முதல் தேர்வு, முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு ஒட்டிப் போடும் முழுத்தொடு மாவுக்கட்டு. ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கழற்ற முடியாது என்பதுதான் அதன் பலமே. கழற்றக்கூடிய பூட்ஸை வீட்டுக்குள் வந்ததும் எல்லாரும் கழற்றிவிடுகிறார்கள். ரத்த ஓட்டம் மோசமாகவோ கிருமி கடுமையாகவோ இருந்தால் மாவுக்கட்டுப் போட மாட்டார்கள். அப்போது புண்ணின் இடத்தில் மட்டும் குழிவிட்டு ஃபெல்ட் அல்லது ஃபோம் ஒட்டுவது, வாக்கர், சக்கர நாற்காலி என்று வேறு வழி சொல்வார்கள். "எடை குறைக்க என்ன செய்யலாம்?" என்ற கேள்வியை நீங்களாகக் கேளுங்கள். கூட்டமான ஓபியில் அது விட்டுப்போகும்.

5. கட்டைத் தேர்வு செய்வது

இப்போதுதான் கடைக்குப் போகிறோம். பெயர்கள் நூறு இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது? நீர் வடியும் புண்ணுக்கு உறிஞ்சும் கட்டு, காய்ந்த புண்ணுக்கு ஈரம் தரும் கட்டு. காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்று நம் ஊரில் சொல்வது இந்தப் புண்ணுக்குப் பொருந்தாது. காய்ந்து பொருக்கு கட்டினால் புதுத்தோல் நகர்ந்து வர வழியில்லாமல் போகிறது. அதற்காகத் தண்ணீரில் ஊறிக் கிடக்கவும் கூடாது.

நீர் நிறைய வடிந்தால் ஆல்ஜினேட். கடற்பாசியிலிருந்து எடுக்கும் நார், பஞ்சு மாதிரி இருக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்து ஜெல்லாக மாறிவிடும். குழியான புண்ணுக்குள் தளர்வாக வைக்கலாம். காய்ந்த புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அங்கே வேண்டாம். முதல்தடவை இதைப் பிரிப்பவர்கள் பயந்துவிடுவார்கள்: உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று, லேசான வாடையோடு, அப்படியே சீழ் மாதிரி இருக்கும். அது கரைந்துபோன ஆல்ஜினேட். சலைனால் (மருந்துக்கடை உப்பு நீர்) நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். கழுவிய பிறகும் சீழ் வந்தால், வாடை போகாவிட்டால்தான் டாக்டருக்குப் போன்.

மிதமாக வடிந்தால் பாலியூரித்தேன் ஃபோம். மெத்தென்று இருக்கும், பிரிக்கும்போது வலிக்காது, பல நாள் வைக்கலாம். ஓரத்தில் ஒட்டும் பட்டை உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பட்டை உள்ளதை வெட்டக் கூடாது என்பதால் சரியான அளவாகப் பார்த்து வாங்க வேண்டும். ஃபோம் மெத்தென்று இருப்பதால் எடையைத் தாங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். 4ஆம் படிக்கு அது பதில் ஆகாது.

காய்ந்த புண்ணுக்கு ஹைட்ரோஜெல். பெரும்பகுதி தண்ணீர்தான். காய்ந்த ஸ்லஃபை இளக்கி விடும். ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்துக் காய்ந்த விரலில் மட்டும் தடவிவிடாதீர்கள். அதை ஈரமாக்கினால் கிருமி புக வழி செய்வது போல ஆகிவிடும். அதை உலர்வாகவே வைத்துக்கொண்டு ரத்தக்குழாய் டாக்டரிடம் போக வேண்டும்.

ஹைட்ரோகொலாய்ட் என்பது காற்றுப் புகாமல் மூடிவிடும் ஒட்டு. கிருமி உள்ள புண்ணுக்கும் நீர் அதிகம் வடியும் புண்ணுக்கும் ஆகாது. பாதத்தில் எனக்கு இதன் மேல் நம்பிக்கை இல்லை. மூன்று நாள் மூடிவைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

கொலாஜன் தாளாகவும் துகளாகவும் வருகிறது. நாள்பட்ட புண்ணில் சதையைக் கரைக்கும் நொதிகள் அளவுக்கு மீறி இருக்கும். கொலாஜன் தன்னை அவற்றுக்குத் தின்னக் கொடுத்துப் புதுச் சதையைக் காப்பாற்றும் என்பது கணக்கு. இதை வாங்கும் முன் கேட்க வேண்டியது, எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்பதுதான். மாடு, பன்றி, மீன் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் பன்றியின் பித்தப்பைத் திசுவிலிருந்து உருவாக்கிய கட்டுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் கிடைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்கு மத ரீதியான ஆட்சேபம் இருந்தால் போட்ட பிறகு தெரிவதைவிட முன்பே கேட்டுவிடுவது நல்லது. கைட்டோசன் கட்டுகள் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருபவை. இறால் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. மருந்தை உள்ளே வைத்து வரும் கட்டுகள்

விலை ஏறும் இடமும் ஆசை காட்டும் இடமும் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சில்வர் கட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி அயனிகளை விட்டுக் கிருமியைக் கொல்லும். காடெக்சோமர் அயோடின் என்பது மாவுச்சத்து மணிகளுக்குள் அயோடினை அடைத்து வைத்தது. புண்ணின் நீரை உறிஞ்சி மணிகள் உப்ப உப்ப அயோடின் வெளியே வரும். போடும்போது பழுப்பாக இருக்கும், வெளுத்துப்போனால் மருந்து தீர்ந்தது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். தைராய்டு கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் சொல்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. இவை இரண்டுமே குறிப்பிட்ட காலத்துக்கானவை. "எத்தனை வாரம்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் சில்வரே போய்க்கொண்டிருக்கும்.

வளர்ச்சிக் காரணி ஜெல்கள் வேறு வகை. செல்களை வளரச் சொல்லும் புரதத்தை ஜெல்லில் கலந்து தருவது. இந்தியாவில் ரீஜென்-டி 150 என்ற பெயரில் பாரத் பயோடெக் விற்பது இந்த வகைதான். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைய விடக் கூடாது. கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா, அலமாரியிலிருந்து எடுக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். அலமாரி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். வீட்டுக்கு வர நேரமாகும் என்றால் ஐஸ் பேக் கேளுங்கள். ஸ்லஃபும் கிருமியும் இருக்கும் புண்ணில் தடவினால் அங்கிருக்கும் நொதிகள் இந்தப் புரதத்தைத் தின்றுவிடும். புண் இருக்கும் இடத்தில் புற்று இருந்தால் இதைப் போடவே கூடாது.

எலும்பில் கிருமி என்று அறுவை செய்தால், ஆன்டிபயாட்டிக் கலந்த கால்சியம் சல்ஃபேட் மணிகளை அந்தக் குழியில் வைப்பதுண்டு. சில வாரங்களில் கரைந்துவிடும், எடுக்க இன்னொரு அறுவை வேண்டாம். ரத்த ஓட்டம் குறைந்த இடத்துக்கு ஊசி மருந்து போய்ச் சேராது என்பதால் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மணிகள் கரைந்து வடிந்து வரும் வெள்ளைத் திரவம் சீழ் அல்ல என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். பல இடத்தில் சொல்வதில்லை.

சரி, இதில் எது நிஜமாகவே சீக்கிரம் ஆற்றுகிறது? சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கொஞ்சம் கடுமையானது. புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்பதற்காக மட்டும் சில்வர், தேன், கொலாஜன், ஆல்ஜினேட், வளர்ச்சிக் காரணி, மூலிகைக் கட்டு எதையும் போட வேண்டாம் என்கிறது. கட்டை நீரின் அளவு, வசதி, விலை பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஓரளவு ஆதாரம் இருப்பதாக அது ஏற்கும் கட்டு சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற மருந்து கலந்தது. 240 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 20 வாரத்தில் அந்தக் கட்டுப் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத அதே கட்டைப் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கும் புண் மூடியது. அதுவும் கிருமி இல்லாத, மரத்துப்போவதோடு ரத்த ஓட்டமும் ஓரளவு குறைந்த காலில், நல்ல சிகிச்சை கொடுத்தும் முன்னேறாத புண்ணுக்குத்தான். உங்கள் டாக்டர் சில்வரோ கொலாஜனோ எழுதினால் சண்டை போடச் சொல்லவில்லை. "இது எதற்காக, எப்போது நிறுத்துவோம்?" என்று கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

சர்க்கரை ஏறினால் தானாக இன்சுலின் விடும் ஜெல், நானோ நார்க் கட்டு என்றெல்லாம் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இன்னும் எலி, பன்றிச் சோதனையில் நிற்கின்றன. "நானோ", "ஸ்டெம் செல்" என்று அட்டையில் போட்டு வீடு தேடி விற்க வருபவரிடம் உற்பத்தி உரிம எண்ணையும் ஜி.எஸ்.டி. பில்லையும் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

7. செலவைக் கட்டு விலையால் அல்ல, நாள் விலையால் போடுங்கள்

நாங்கள் வாங்கிய காலத்தில் 10க்கு 10 செ.மீ. ஃபோம் ஒன்று சில நூறு ரூபாயில் ஆரம்பித்து, சில்வர் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டியும் போனது. அட்டையில் அச்சிட்ட விலைக்கும் உண்மையில் விற்கும் விலைக்கும் இந்தப் பொருட்களில் நிறைய இடைவெளி இருக்கிறது. மருத்துவமனை வாசலில் இருக்கும் கடையில் அச்சிட்ட விலைக்கே வாங்காமல் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். மொத்தப் பெட்டி வேண்டாம். புண்ணின் நிலை மாறினால் கட்டும் மாறும், பெட்டி அப்படியே கிடக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தினமும் காஸ் துணிக் கட்டு: பொருள் 50, கட்டுகிறவருக்கு 150, ஆட்டோ போக வர 200. நாளுக்கு 400, நாலு நாளைக்கு 1,600. ஃபோம் 700, கூலி 150, ஆட்டோ 200, மொத்தம் 1,050, நாலு நாளைக்கு ஒருமுறை. ஃபோம்தான் லாபம். ஆனால் புண் ஒரே நாளில் ஃபோமை நனைத்துவிட்டால் அதே 1,050 ஒரு நாள் செலவு. கட்டுகிறவர் வீட்டிலேயே இருந்து, ஆட்டோவும் இல்லையென்றால் காஸ்தான் லாபம். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள், யார் சொல்வதையும் கேட்காதீர்கள்.

வேக்யூம் டிரஸ்ஸிங் (புண்ணை மூடி மெஷினால் நீரை உறிஞ்சி எடுக்கும் கட்டு) சொன்னால், செலவில் பெரும்பகுதி மெஷின் வாடகையும் ஒவ்வொரு தடவையும் மாற்றும் ஃபோமும்தான். 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். "எத்தனை மாற்றம் எதிர்பார்க்கிறீர்கள், ஒரு மாற்றத்துக்கு மொத்தம் எவ்வளவு?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

8. காப்பீடும் சான்றிதழும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வரச் சில நாள் ஆகும். புண் மோசமான பிறகு இதற்கு அலைவதைப் போலத் தொல்லை வேறில்லை. வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் புண் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

இது அட்மிஷனுக்கான திட்டம். கடையில் நீங்கள் வாங்கும் கட்டுக்குப் பணம் வராது. சேர்ந்த அன்றைக்கே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி முன் அனுமதி போடச் சொல்லுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

தனியார் காப்பீடு இருந்தால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று ஒரு பகுதி இருக்கும், பல பாலிசிகளில் 60 நாள். அந்த நாட்களில் வாங்கிய கட்டு, கட்டுக் கூலி எல்லாவற்றையும் கேட்டுப் பெற வழி உண்டு. ஆனால் கட்டின் பெயரும் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதும் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ சீட்டிலோ எழுதியிருக்க வேண்டும், பில்லில் நோயாளி பெயர் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள். இதை எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள். பாலிசிக்கு முன்பே சர்க்கரை இருந்தால் அதிகபட்சம் 3 வருடக் காத்திருப்பு இருக்கலாம், அதையும் பாருங்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டிலேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காசைக் கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

9. வீட்டில் கட்டு மாற்றுவதும் நாலு வாரக் கணக்கும்

முதலில் சிஸ்டர் செய்வதை ஒருமுறை நின்று பாருங்கள், இரண்டாவது தடவை அவர் முன்னால் நீங்கள் செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய கட்டு ஒட்டியிருந்தால் சலைனை ஊற்றி ஊறவிட்டுப் பிரிக்க வேண்டும். பிய்த்து இழுத்தால் புதுத்தோலும் சேர்ந்து வரும். சலைனால் கழுவினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் அது புதுச் செல்லையும் கொல்லும். ஆன்டிபயாட்டிக் பவுடரைக் கொட்டினால் பாளமாக இறுகி உள்ளே சீழைப் பூட்டிவிடும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அத்தை வந்து போன மறுநாள் புண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்ஜினேட்டைப் புண்ணுக்குள் மட்டும் வையுங்கள், சுற்றியுள்ள நல்ல தோலில் படர்ந்தால் தோல் வெளுத்து ஊறிவிடும். ஃபோமில் எழுத்து அச்சிட்ட பக்கம் வெளியே. பேண்டேஜை இறுக்கிச் சுற்றாதீர்கள், மரத்த காலுக்கு இறுக்கம் தெரியாது. பிளாஸ்டரின் மேல் தேதியைப் பேனாவால் எழுதுங்கள். பிரித்த பாக்கெட்டில் மீந்த பாதியைக் கிருமி இல்லாமல் வைத்துக்கொள்ள வீட்டில் வழியில்லை, தூக்கிப்போட மனம் வராவிட்டாலும் போட்டுவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்குங்கள். முதல் நாள் 4க்கு 3 என்றால் 12. நாலு வாரத்தில் அது 6க்குக் கீழே வர வேண்டும். பாதியாகக் குறையாத புண் 12 வாரத்தில் மூடுவது அபூர்வம் என்பதால் டாக்டர்களே இந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள். குறையவில்லை என்றால் விலையுயர்ந்த அடுத்த கட்டுக்குத் தாவாமல் 3, 4ஆம் படிகளுக்குத் திரும்புங்கள்: அடைப்பு, எலும்பு, எடை. எங்களுக்கும் விடை அங்கேதான் இருந்தது. ஒரு மருத்துவமனையில் கட்டு மாறிக்கொண்டே இருந்தது, இன்னொரு இடத்தில் மாவுக்கட்டுப் போட்ட பிறகுதான் எண் இறங்க ஆரம்பித்தது.

சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் ரத்தக்குழாய் டாக்டர் செய்ததெல்லாம் வீண். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுத்துப் பார்த்துப் பயனில்லை, வீட்டில் குளுக்கோமீட்டர் எண்களை நோட்டில் எழுதிவாருங்கள்.

10. புண் மூடிய பிறகு

ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகின்றன. அதனால் புண் மூடும் முன்பே எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்புக்கு அளவு கொடுத்துவிடுங்கள், செய்து வர நாளாகும். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காக உருவான ரப்பர் இது, மரத்த சர்க்கரைக் காலுக்கும் அதே நியாயம்தான். பின்பட்டை உள்ளதாகக் கேளுங்கள், கால் விரலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஹவாய் மாதிரிச் செருப்பு வேண்டாம். பாதம் சற்று உப்பியிருக்கும் மாலை நேரத்தில் அளவு கொடுங்கள். புதுச் செருப்பை முதல் வாரம் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் செருப்பைத் திருப்பிக் கொடுத்து அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். போடும் முன் ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே ஒரு சின்னக் கல் இருந்தால் மரத்த காலுக்குத் தெரியாது.